ஸ்தோத்திரம் சாலமோன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கும் சாலமோனின் வாய்க்கு ஒரு காலத்தில் கூவம் என்று பெயர். அவர் அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். வரப்பில் நின்றவர்களிடமெல்லாம் வசவு வாங்கியே வாழ்ந்து முடித்தவர். அதையெல்லாம் மகன் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்து, சூப்பர்வைசர் ஆனதும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். வாங்கியவர்கள்தான் வேறு ஆட்கள்.

அப்படிப்பட்டவரை மனைவி ரோசம்மாள் கெஞ்சிக் கூத்தாடி சபைக்கு அழைத்துப் போனாள். ஞானஸ்நானம் எடுத்து ஊழியத்திலும் சேர்ந்தார். நாக்கை மட்டும் அடக்க முடியவில்லை என்று அவர் அழுதபோது பாஸ்டர் ஒரு வழி சொன்னார். "கெட்ட வார்த்தை நாக்குக்கு வரும்போது 'ஸ்தோத்திரம்'னு சொல்லிடுங்க, பிரதர். இருக்கிறது ஒரு வாய்தானே?"

வழி பலித்துவிட்டது! அடித்த தகடு ஓரத்தில் பிசிறோடு வந்தால் ஸ்தோத்திரம். கம்பெனி பஸ் போய்விட்டால் ஸ்தோத்திரம். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தாலும் ஸ்தோத்திரம்தான். இச்சையடக்கத்துக்கு நம் சபையிலேயே சாட்சி உண்டு என்று பாஸ்டர் பிரசங்கத்தில் அவரைக் கை காட்டினார். ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திர பலி நடத்தும் பொறுப்பும் வந்தது. ஆண்டவர் செய்த நன்மைகளை மைக்கில் ஒவ்வொன்றாகச் சொல்லி அவர் "ஸ்தோத்திரம்" என்பார், சபை கை தூக்கித் திருப்பிச் சொல்லும். அந்த நேரத்தில் மனுஷனுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

இப்படியே போயிருக்கும், பார்த்திபன் மட்டும் வராமல் இருந்திருந்தால். அவன் இவருடைய ஷிப்டில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். அவன் குழந்தை டெங்குவில் கிடந்தபோது சாலமோன் ஆஸ்பத்திரிக்கே போய் ஜெபம் செய்தார். குழந்தை தேறியதும், நம்ம சாமியோ அவங்க சாமியோ நன்றி நன்றிதானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான்.

"சுகம் தந்தீரே, ஸ்தோத்திரம்!" என்று சாலமோன் முழங்கினார்.

பார்த்திபன் மெஷினிலிருந்து கையை இழுப்பதுபோல் இரண்டு கைகளையும் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டு எழுந்து நின்றான். "இன்னாண்ணா, இப்ப நா இன்னா பண்ணேன்?"

சபை சிரித்தது. சாலமோனும் சிரித்துவைத்தார். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், ஏன் அப்படி எழுந்தாய் என்று கேட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. நீங்க அந்த வார்த்தய சொன்னாலே நாங்க மெஷின்லேந்து கைய இழுத்துக்குவோம். கம்பெனில எல்லாம், 'காலைலயே எனுக்கு மூணு ஸ்தோத்திரம் உட்டாருடா'ன்னுதான் பேசிக்குவாங்கோ. அது உங்காளுங்க திட்டுற வார்த்தன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இங்க வந்து பாத்தா எல்லாரும் கைய தூக்கிக்கினு சாமியவே திட்டுறாங்கோ!"

சாலமோன் பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கை வைத்தவர், வைத்தபடியே கேட்டார். "ரோஸு, நா ஸ்தோத்திரம் சொன்னா திட்டுற மாதிரியா கீது?"

ரோசம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்பதான் தெரியுதா? முன்ன நீ திட்டுனா நானும் நாலு வார்த்த திருப்பிக் குடுப்பேன், அதோட போய்டும். இப்ப சாமி வார்த்தய வச்சிக்கினு திட்டுற. நா இன்னா சொல்லணும், ஆமென்னா? உன்ன சபைக்கு இட்டுக்கினு போனவ நானு. இப்ப ஜெபத்துல ஒக்காந்தா அந்த வார்த்த என் வாய்ல வரமாட்டேங்குதுய்யா."

அதற்கப்புறம் சோறு என்ன, தண்ணீர் என்ன? இத்தனை நாளாக எதை அடக்கினோம் என்று சாலமோனுக்குப் புரியவில்லை. கோபம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்கு வந்து போகிறது, அவ்வளவுதானா? அப்படியானால் அழுததும் முழங்கால் போட்டதும் பொய்யா? பொய்யில்லையே!

சரி, அந்த வார்த்தையே வேண்டாம் என்று திங்கட்கிழமை வேலைக்குப் போனார். ஒருவன் பிரஸ்ஸில் டை என்கிற அச்சைத் தப்பாக மாட்டினான். பழைய வார்த்தை துளிகூடத் துருப்பிடிக்காமல் பல்வரை வந்து நின்றது. சாலமோன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பல்லு வலியாண்ணா?" என்றான் பார்த்திபன்.

சொன்னால் சாமியை வைத்துத் திட்டுவது, சொல்லாவிட்டால் கூவம். பாஸ்டருக்குப் போன் போட்டு, இந்த ஞாயிறு மைக் பிடிக்க வேண்டாமே என்றார். பாஸ்டர் ஏதோ கல்யாண மண்டபத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவில் நின்றார். பாதிதான் காதில் விழுந்திருக்க வேண்டும். "பிசாசின் தந்திரம், பிரதர். ஊழியத்துல பின்வாங்கக் கூடாது," என்று வைத்துவிட்டார். பிசாசு எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதுதானே சாலமோனின் கேள்வியே!

ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்றார். மெதுவாக, அன்பாக, உள்ளேயிருந்து ஒரே ஒரு தடவை உண்மையாகச் சொல்லிவிட வேண்டும் என்று கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். மைக் காதைக் கிழிக்கிற மாதிரி கீச்சென்று கத்தியது. சரிபண்ணச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

"ஸ்தோத்திரம்!"

பல்லைக் கடித்துக்கொண்டு வந்த சொல். கூரைத் தகடு அதிர்ந்தது. இந்த வாரமும் வந்து முன்வரிசையில் இருந்த பார்த்திபன் கையை இழுத்துக்கொண்டான். சபை முழுக்கக் கை தூக்கி, கண்ணீரோடு, "ஸ்தோத்திரம்!" என்று திருப்பிச் சொன்னது.

பெண்கள் பக்கத்தில் ஒரே ஒருத்தி கை தூக்கவில்லை. சத்தம் அடங்கியபின் ரோசம்மாள் அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமென்."

மன்னித்துவிட்டாளா, திருப்பிக் கொடுத்தாளா? சாலமோன் அவள் முகத்தையே பார்த்தபடி நின்றார். அடுத்த நன்மையைச் சொல்வார் என்று சபை தூக்கிய கையோடு காத்துக்கொண்டிருந்தது.