மூச்சு விட்ட தகடு

கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் செய்து பிழைக்கிறவன் நான். வேலை செய்யும் இடத்தில் காரணம் தெரியாமல் முதுகு சில்லிட்ட நாள் உங்களுக்கும் இருந்திருக்கும். அதனால் சிரிக்காமல் கேட்பீர்கள்.

போனது எங்கே?

கடுகண்ணாவை என்ற மலையூரில் ஒரு சின்ன ஆய்வுகூடம். மின்னணுச் சில்லுகளில் கம்பிகள் நெருக்கமாக ஓடும். இடையில் மின்சாரம் கசியாத படலம் வேண்டும். அதற்குள் காற்று இருந்தால் இன்னும் நல்லது. அதற்காக, கிளை கிளையாகப் பிரியும் ஒரு பொலிமரைக் கண்ணாடியாக இறுகும் கரைசலில் கலந்து, சிலிக்கன் தகட்டில் பூசி, உலையில் வைப்போம். சூட்டில் பொலிமர் சிதைந்து ஆவியாகிவிடும். அது இருந்த இடங்கள் நுண்துளைகளாக நிற்கும்.

முதல் தகட்டை வெளியே எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கூட வேலை செய்யும் மடவளை ஊர்க்காரர் நஸ்ரின் சொன்னார்: "தேடாதீங்க. அது போச்சு. அது இருந்த எடத்தத்தான் நாங்க விக்கிறது."

பெட்டிக்குள்

ஒரு பின்னேரம் மலையிலிருந்து மூடுபனி இறங்கி ஜன்னலை அடைத்தது. இறுக மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் நீலமாக இருந்த அந்த முதல் தகட்டின் நடுவில் ஊதா நிறம் பரவியது. பிறகு சுருங்கியது. மறுபடி பரவியது. துளைகளுக்குள் ஈரம் போனால் நிறம் மாறும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். வெளியே இருக்கும் தகட்டில் ஊதினால் இப்படித்தான் ஆகும். ஆனால் இது மூடிய பெட்டி.

"கிட்டப் போய் மூச்சு விட்டீங்களா?" என்று கேட்டேன். நஸ்ரின் சுவரோரம் ஒதுங்கியிருந்தார்.

"நான் இவ்வளவு நேரமும் மூச்ச அடக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

அடைத்த நாள்

அந்தத் தகட்டைச் சோதிக்கத்தான் கொழும்புக் கம்பனியிலிருந்து யாழ்ப்பாணத்து எஞ்சினியர் ஒருவர் வந்தார். அவர் வேண்டாம் என்றால் ஆய்வுகூடத்தை மூடிவிடுவார்கள். மீட்டரில் கசிவு ஏறியது, இறங்கியது, ஏறியது. தூங்குகிறவரின் நெஞ்சைப் பார்ப்பதுபோல இருந்தது.

ஒரே வழிதான் இருந்தது. தகட்டைச் சூடாக்கி உலர்த்தி, ஈரம் ஒட்டாதபடி துளைச் சுவர்களுக்கு ஒரு இரசாயன ஆவி காட்டி, மேலே மெல்லிய பூச்சால் அடைக்க வேண்டும். பூச்சு ஏறும்போது ஊதா நிறம் ஓரத்தை நோக்கி ஓடியது. யாரோ ஒருவரின் வாயைப் பொத்துவதுபோல எனக்கு இருந்தது. நஸ்ரின் மெதுவாகத் துஆ ஓதினார். நான் பூச்சு இயந்திரத்தின் விசையிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் வேலை போய்விடும்.

மீட்டர் முள் அசையாமல் நின்றது. எஞ்சினியர் சந்தோஷமாகக் கை குலுக்கினார்: "ஓம், இப்பச் சரி. செத்ததுபோலக் கிடக்கு. எங்களுக்கு இதுதான் வேணும்."

எங்கள் தொழிலில் ஓட்டை போடுவது சுலபம், அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவதுதான் கஷ்டம்.