சகலைக்கு மட்டும் கிடைத்த பாக்கி

பெட்டிக்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள் மேல்தான் பொறாமை. அந்த ஒருவர் மேல் இருந்ததை ஊருக்கே பங்கு வைக்கலாம். சகலை, அதாவது மனைவியின் அக்காவைக் கட்டியவர், தகர டப்பா செய்பவர், இவர் அட்டைப்பெட்டி. இருவருமே ஒரே பிஸ்கட் கம்பெனிக்குச் சரக்குப் போட்டார்கள். டப்பா முன்வாசலில் இறங்கும், பெட்டி பின்பக்க கேட்டில். சகலை புதிதாக வேன் வாங்கிய அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பெனி திவாலானது. கோர்ட் நியமித்த அதிகாரி வந்து உட்கார்ந்தார். முதலில் பேங்க், பிறகு தொழிலாளர் சம்பளம், சரக்குப் போட்டவர்கள் கடைசி என்றார். "நூத்துக்கு நாலு தேறினா பெருசு" என்று, ஏதோ நல்ல சேதி போலச் சொன்னார்.

பட்டறையில் கம்பெனி பெயர் அச்சடித்த பெட்டிகள் கூரை முட்டக் கிடந்தன. அடுத்தவன் பெயர் போட்ட பெட்டியை எவன் வாங்குவான்? ஆறு பேர் கூலியும் வெட்டு மெஷினின் கடைசித் தவணைகளும் மனைவி எடுத்துக் கொடுத்த பணத்தில்தான் ஓடின. "நான் சேத்து வச்சது, கேள்வி கேக்காதீங்க" என்றிருந்தாள்.

அப்போதுதான் கம்பெனி ஸ்டோர்கீப்பர் வாயை விட்டார். "உங்க சகலைக்கு மட்டும் கம்பெனி படுக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே முழுசா செட்டில் பண்ணிட்டாரே எங்க முதலாளி, தெரியாதா?"

நேரே அதிகாரியிடம் போனார்.

"கம்பெனி படுக்கப் போற நேரத்துல ஒருத்தருக்கு மட்டும் அள்ளிக் கொடுத்தா சட்டம் சும்மா விடுமா சார்?"

"விடாது. திருப்பி வாங்கி எல்லாருக்கும் பங்கு போடணும். எழுதிக் கொடுங்க."

கொடுத்தார், தன் கைப்படவே. பங்குக்கு ஆசைப்பட்டா? அட, அதெல்லாம் இல்லை. சகலையும் வரிசையின் கடைசியில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஏழு மாதம் கழித்து, வாங்கியதை முழுக்கக் கட்டச் சொல்லி சகலைக்கு உத்தரவு போனது. மறுநாள் மனுஷர் பட்டறைக்கு வந்து அட்டைக்கட்டு மேல் உட்கார்ந்தார்.

"கேக்கவே கூச்சமா இருக்கு சகலை. பாதி எங்கிட்ட இருக்கு. மீதி இங்கதானே இருக்கு."

"இங்கயா?"

தண்ணீர் கொண்டுவந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "கூலிக்குக் கொடுத்த பணம் அக்காகிட்டதான் வாங்கினேன். அத்தான்தான் கொடுக்கச் சொன்னாராம். சொன்னா நீங்க தொட்டிருப்பீங்களா?"

அவள் உள்ளே போனதும் சகலை குரலைத் தாழ்த்தினார்.

"அதிகாரி ஆபீஸ்ல அந்தக் கடிதாசியைக் காட்டினாங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. உங்களால முடியலைன்னா விடுங்க, வேனை வித்துக் கட்டிடறேன்."

கோபமாவது பட்டுத் தொலைத்திருக்கலாம். பெருந்தன்மையிலும் இந்த மனுஷன் முந்திக்கொண்டானே என்று பெட்டிக்காரருக்குப் பொறுக்கவில்லை. வெட்டு மெஷினைத் திரும்பிப் பார்த்தார். அது போனால் பட்டறை இல்லை.

"வேன்ல கை வைக்காதீங்க. மெஷினை நான் விக்கறேன்" என்று எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் புரோக்கரைத் தேடி நடந்தார். சகலை வேனை விற்பதற்குள் விற்றாக வேண்டும்.