முப்பத்திரண்டைக் கூட்டாமல்

போன வாரம் காய்ச்சல். மறைமலைநகர் மருந்துக்கடையில் ஒரு வெப்பமானி வாங்கினேன். பாதரசம் கிடையாது; பக்கவாட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் 98.6 என்பது 37 ஆகிறது. மறுபடி அழுத்தினால் பழையபடி 98.6. கடைக்காரரை நான்கு முறை அழுத்திக் காட்டச் சொன்னேன். கிழவருக்கு விளையாட்டு என்று நினைத்திருப்பார். எனக்கோ மருந்துக்கடை நெடியை மீறி மண்ணெண்ணெய் வாசனை அடித்தது.

அச்செழுத்துகளை மண்ணெண்ணெயில்தான் கழுவுவோம். ஐம்பதுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு சிறிய வாரப் பத்திரிகையில் நான் உதவி ஆசிரியர். அதாவது செய்தி எழுதுவது, திருத்துவது, தபால்தலை ஒட்டுவது எல்லாம் நான். அச்சுக் கோப்பவன் காசிம். புதுப்பட்டினத்துக்காரன், என் வயது. என்னை மச்சான் என்பான். திட்டும்போதும் மச்சான்தான்.

அப்போது வெயிலை சென்டிகிரேடில் சொல்லும் வழக்கம் புதிதாக வந்திருந்தது. வாசகர்களுக்குப் புரியவைக்க ஒரு கட்டச் செய்தி எழுதினேன்: சென்டிகிரேடை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டினால் பாரன்ஹீட். காசிம் அதைத் தடித்த எழுத்தில் கோத்தான். மூன்று வாரம் வெளியிட்டோம். ஊரில் என்னைவிட இந்தக் கணக்குத் தெரிந்தவர் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த மாதம்தான் காசிமின் மனைவி பாத்திமாவுக்கு டைபாய்டு. வெளிநாட்டுப் பாதிரிமார் நடத்திய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். பத்து நாளாகக் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. அங்கே எல்லாம் சென்டிகிரேடு. பத்தாம் நாள் மாலை காய்ச்சல் அட்டையில் நாற்பது என்று பார்த்துவிட்டு வந்தான். நூற்று நான்கு என்று நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரி ஆயா வீட்டுக்குப் போகிற வழியில் அச்சகத்து வாசலில் நின்றாள். "பாய், உன் வூட்டுக்காரம்மாவுக்கு ரெண்டு டிகிரி எறங்கிகீதாம். டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்க." அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். போய்விட்டாள்.

காசிம் கையில் இருந்த அச்சுக்கட்டையைக் கீழே வைத்தான். "நூத்தி நாலுல ரெண்டு போனா நூத்திரண்டு. அது தெனம் எறங்கி ஏறிகினுதானே கீது? மாமிக்குச் சொல்லியனுப்பிரட்டா, மச்சான்?"

மாமி என்றது பாத்திமாவின் அம்மாவை. புதுப்பட்டினத்தில் தனியாக இருந்தார். மூத்த மகள் பிரசவத்தில் இறந்தபோது அவருக்குப் போன சேதி "உடனே கிளம்பி வா" என்பதுதான். மறுபடி அப்படி ஒரு சேதி போனால் வழியிலேயே உயிரை விட்டுவிடுவார் என்று காசிம் பத்து நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தான். சொல்லாமலே பாத்திமா போய்விட்டால் அந்த அம்மாளின் முகத்தில் விழிக்க முடியாது. திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் போகும் பஸ் ஒரு மணிக்கு. கண்டக்டரிடம் சொன்னால் சேர்ப்பித்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குள் நான்கு மணிக்கு முன்னால் விடமாட்டார்கள்.

"இரு, அது அவங்க டிகிரி. நம்ம டிகிரி வேற," என்றேன். புரூஃப் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். இரண்டை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டினேன். முப்பத்தைந்து புள்ளி ஆறு. நூற்று நான்கில் அதைக் கழித்தேன். அறுபத்தெட்டு புள்ளி நான்கு.

கிணற்றுத் தண்ணீர்கூட அதைவிடச் சூடாக இருக்கும். தாளை மறைக்கப் பார்த்தேன், காசிம் பிடுங்கிக்கொண்டான். தலைகீழ் எழுத்தையே சரளமாகப் படிப்பவனுக்கு என் கையெழுத்து எம்மாத்திரம்.

அவன் அழவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனான். பஸ் நிலையத்துக்குத்தான். பிறகு நின்றான்.

"மச்சான், காய்ச்சல் எறங்கவே இல்லன்னு வச்சிக்க. சைபர் போட்டுப் பாரு."

போட்டேன். பூஜ்யத்தை ஒன்பதால் பெருக்கினால் பூஜ்யம். ஐந்தால் வகுத்தாலும் பூஜ்யம். கூட்டு முப்பத்திரண்டு.

"எறங்காமலே முப்பத்திரண்டு எறங்குமா? இன்னா கணக்குடா இது? மூணு வாரம் இதையா என்னைக் கோக்கவுட்ட?"

முப்பத்திரண்டு என்பது எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதற்கு. எத்தனை படி இறங்கினோம் என்பதற்கு அது வேண்டாம். இன்று ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அன்று விளங்க ஐந்து நிமிடம் ஆனது. இரண்டு சென்டிகிரேடு இறக்கம் என்றால் நம் கணக்கில் மூன்று புள்ளி ஆறு. நூற்று நான்கு போய் நூறு புள்ளி நான்கு. பத்து நாளில் அவ்வளவு கீழே வந்ததே இல்லை.

காசிம் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. இருவரும் அதைப் பார்த்தோம். அப்போதுதான் அழுதான்.

மூன்று வாரம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். டைபாய்டில் முடி உதிர்ந்த தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு பாத்திமா கதவருகே வந்தாள். பக்கத்தில் புதுப்பட்டினத்து அம்மா, மகளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டு.

"வாங்கண்ணே. அறுவத்தெட்டு டிகிரி பேசுது, கேளுங்க," என்றாள் பாத்திமா.

கட்டச் செய்தியில் ஒரு வரி சேர்த்தோம்: ஏற்ற இறக்கத்துக்கு முப்பத்திரண்டைக் கூட்ட வேண்டாம். வாசகர் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பத்திரிகை நின்றது. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. காசிம் முதலில் போனான். பாத்திமா புதுப்பட்டினத்தில் மகன் வீட்டில் இருந்தாள். எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் போதும், போன் அடிக்கும். "எவ்ளோ எறங்கிச்சு அண்ணே? முப்பத்திரண்ட கூட்டாம சொல்லுங்க."

இந்தத் தடவை காய்ச்சல் மூன்று நாள் இருந்தது. போன் அடிக்கவில்லை.