கொலைக்குக் காரணம் சொன்ன மெக்கானிக்

டி.வி. ரிப்பேர்க்காரனுக்குச் சால்டரிங் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது; போன வாரம் கொலை செய்தவன் யார், எதற்காகச் செய்தான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எண்பதுகளில் இந்தத் தொழிலில் அவதிப்பட்டவர்கள் இதைப் படித்ததும் தலையாட்டுவார்கள். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் என் கடை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துப்பறியும் நாடகம், பதிமூன்று வாரம். அந்த நேரத்தில் யார் வீட்டு டி.வி. என் கடையில் கிடக்கிறதோ, அவர்களுக்குப் புதன்கிழமை நான் கதை சொல்லியாக வேண்டும். போர்டில் எழுதாத கண்டிஷன் அது. நானும் லேசுப்பட்டவனில்லை. ரிப்பேருக்கு வந்த பெட்டிகளில் ஒன்றையாவது ஓட வைத்து முன்னால் உட்கார்ந்துவிடுவேன். யார் எந்தக் கையில் டம்ளர் பிடித்தார்கள் என்பதுவரை மனப்பாடம் ஆகிவிடும்.

வெறுங்கை வாட்ச்மேன்

கண்ணப்பன் அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனிக்கு கேட் செக்யூரிட்டி. மெட்ராஸிலிருந்து பார்ட் வராததால் அவருடைய டி.வி. வாரக்கணக்கில் என்னிடமே கிடந்தது. அவருக்குக் கதை சொல்வது போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி. பங்களா முதலாளி செத்துக் கிடக்கிறார், வாசலில் வாட்ச்மேன் அழுதுகொண்டு நிற்கிறான் என்றேன். "கையில இன்னா வச்சிருந்தான்?" என்றார். ஒன்றுமில்லை. "டார்ச்சு? நோட்டு?" எதுவுமே இல்லை.

நான் முதலாளியின் தம்பி மேல் சந்தேகப்பட்டேன். கண்ணப்பன் அண்ணன் கடை பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, டீ ஆறும்வரை யோசித்தார். நாடகத்தில் துப்பறிகிறவர் இரண்டு வாரம் கழித்துக் கண்டுபிடித்ததை இவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "வண்டி வருது, போவுது, ஒண்ணுமே எழுதாம ஒருத்தன் கேட்ல நிப்பானா தம்பி? அவன் வாட்ச்மேனே கெடையாது."

சத்தம் போன வீடு

படப்பை மல்லிகா அம்மா வீட்டு டி.வி.யில் படம் வரும், சத்தம் வராது. அக்கம்பக்கத்துப் பெண்களோடு மூன்று வாரம் அப்படியே நாடகம் பார்த்திருக்கிறார்கள். நான் பின்மூடியைக் கழற்றுவதற்குள் தீர்ப்பு என் காதுக்கு வந்துவிட்டது. கொலைகாரி பங்களா மருமகள். காரணம், மாமியாரின் நகை. சாட்சி, சாவு வீட்டில் அவள் கண்ணாடி முன்னால் நின்று தலைவாரியது.

பார்ட்டை மாற்றி, சத்தத்தை வரவழைத்துவிட்டு வந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை, துப்பறிகிறவரைக் கூட்டி வந்ததே அந்த மருமகள்தான் என்று தெரிந்துவிட்டது. மறுநாள் செட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போனால், வீடே களையிழந்து கிடந்தது. மல்லிகா அம்மா காபி கொடுத்தார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. "சத்தம் இல்லாதப்ப கதை நல்லா இருந்துச்சி தம்பி. இப்ப அவ நல்லவளா ஆயிட்டா."

மாடியில் போன கடைசி வாரம்

கடைசி வாரம் நாடகம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, மிஷன் ஸ்கூல் ரோஸலின் டீச்சர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. காற்றில் ஆன்டெனா திரும்பிவிட்டது. மாடியேறிப் பார்த்தால் கம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப் உடைந்திருக்கிறது. நான் கையால் பிடித்தால் கீழே படம் வரும், விட்டால் போய்விடும். "அப்படியே நில்லுப்பா, அசையாத" என்று டீச்சர் குரல் கொடுத்தார். கீழே தெருவே உட்கார்ந்து நாடகம் பார்க்க, நான் மாடியில் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரோ விம்முவது மட்டும் கேட்டது.

இறங்கி வந்தபோது டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேனாக நடித்தவன்தான் கொலைகாரன் என்று மட்டும் யாரோ சொன்னார்கள். எதற்காகச் செய்தான் என்று கேட்க எனக்கு வெட்கம். ஊருக்கே கதை சொல்கிறவன் கதை கேட்டுக்கொண்டு நிற்பதா?

மறுநாள் மத்தியானம் கண்ணப்பன் அண்ணன் வந்தார். கொலைகாரனை அவர்தான் எப்போதோ பிடித்துவிட்டாரே, காரணம்தான் பாக்கி. தெரியாது என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. "சொத்துக்காக அண்ணே" என்றேன். நம்ப வேண்டுமே என்று ஒரு உயிலையும் நானே சேர்த்துவிட்டேன். "அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு, செகண்ட் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

கம்பெனி கேட்டில் அவர் அதையே சொல்லியிருக்கிறார், பேராசை பிடித்த பயல் என்று. நாடகம் பார்த்த ஒருவர் எல்லார் முன்னாலும் திருத்தியிருக்கிறார். கொலைகாரனுடைய அப்பா அந்த பங்களாவில் நிஜ வாட்ச்மேனாக இருந்தவர். முதலாளி திருட்டுப் பட்டம் கட்டி விரட்டியதில் மனம் உடைந்து செத்தவர். கண்ணப்பன் அண்ணனையும் முன்பு ஒருமுறை காப்பர் வயர் காணவில்லை என்று அதே கேட்டில் நிற்க வைத்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னார்கள். வயர் அப்புறம் ஸ்டோரிலேயே கிடைத்தது. இது கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். அப்படிப்பட்ட மனிதரின் வாயாலேயே அந்த மகனைப் பேராசைக்காரன் என்று சொல்ல வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவர் வந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவமானமாக இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்தார். "தெரியலன்னு சொல்லியிருந்தா நானும் உன்கூட குந்திகினு யோசிச்சிருப்பேன். எனக்குத் தெரிஞ்சிருக்கும் தம்பி."

அன்றிலிருந்து ஆன்டெனா பிடிக்க யார் கூப்பிட்டாலும், கொலைக்குக் காரணத்தை மட்டும் யாராவது மாடிக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டுதான் ஏணியில் கால் வைக்கிறேன்.