பதினொரு வருடத்து முடி

நேசராஜாவின் மகன் பிரெய்ன் சடை வளர்த்துக்கொண்டு ஜமேக்காக்காரரின் ரெகே பாடுகிறான் என்று தெரிந்ததும் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் தமிழ்ச் சனம் கேட்ட முதல் கேள்வி, "கஞ்சா அடிக்கிறவனோ?" அடுத்த கேள்வி, "உந்தத் தலையில பேன் இல்லையோ?" அதற்கு மேல் கேட்க அந்தச் சனத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நாளாவது அவன் பாட்டைக் கேட்டுவிட்டுக் கதைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. அவன் கஞ்சா மட்டுமல்ல, பியர்கூடத் தொட்டதில்லை. அதைச் சொன்னால் சனத்துக்கு ருசிக்காது.

அவனுடைய அக்கா சோபனாவும் லேசுப்பட்டவள் இல்லை. சில்க்போர்க்கில் சலூன் நடத்துகிறவள். "ஊருக்கெல்லாம் நான் தலை வெட்டுறன், எண்ட தம்பி சடை வளர்க்கிறான். நல்ல விளம்பரமடா எனக்கு!" என்று கண்ட இடத்தில் ஏசுவாள். உப்பும் இறைச்சியும் இல்லாமல் அவன் சமைக்கிற பருப்பைச் சாப்பிட்டுவிட்டு, மாட்டுக்குக்கூட இதைவிட நல்லதாக வைப்பார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் அவள்தான்.

பெந்தகொஸ்தே வீட்டில் பிறந்தவன் ஜமேக்காக்காரரின் ரஸ்தபாரி மார்க்கத்துக்கு எப்படிப் போனான் என்று சபையில் எல்லோருக்கும் ஆச்சரியம். இதில் என்ன ஆச்சரியம் வேண்டிக்கிடக்கு? வீட்டில் இருந்த அதே வேதத்தைப் படித்துத்தான் போனான். சபையில் பேஸ் கிட்டார் வாசித்த பிள்ளை, ரெகேயில் அந்தப் பேஸ் எப்படி நடக்கிறது என்று கேட்டு மயங்கினான். பாடுகிறவர்கள் கடவுளை 'ஜா' என்றார்கள், ஏழைகளை மிதிக்கிற உலகத்தைப் பாபிலோன் என்றார்கள். உப்பையும் இறைச்சியையும் விலக்கினார்கள், முடி வெட்டாததற்கு, கடவுளுக்கு நேர்ந்தவன் முடி வெட்டக்கூடாது என்கிற நசரேய விரதத்தைக் காட்டினார்கள். பிரெய்ன் வேதத்தைத் திறந்து பார்த்தான், விரதம் அங்கே இருந்தது. இருபத்துமூன்று வயதில் தானும் நேர்ந்துகொண்டான். அன்றிலிருந்து தலையில் கத்தி படவில்லை.

அவனோடு வாசித்த மூன்று டேனிஷ்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் சிவப்பு, மஞ்சள், பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரை மேடையில் பாபிலோனைத் திட்டுவார்கள். செப்டெம்பர் வந்ததும் தொப்பியைக் கழுவி மடித்து வைத்துவிட்டு வங்கி வேலைக்கும் கணக்காளர் வேலைக்கும் போய்விடுவார்கள். சொன்னதை நம்பினவன் அந்தக் குழுவில் ஒருத்தன்தான். அவன் முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டு, ஆறு மணிக்கு எழும்பிச் செபம் பண்ணிக்கொண்டு, பாடின மாதிரியே இருந்தான். சோபனாவுக்கு எரிச்சலே அதுதான். தம்பி வேஷம் போட்டிருந்தால் அவளுக்கு ஏசுவது சுகமாக இருந்திருக்கும்.

போன மாசியில் நேசராஜாவுக்குக் குடலில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள். வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் உபவாச செபம் வைத்தார்கள். பாஸ்டர் லோரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, கையை உயர்த்தி, "இந்த வீட்டில ஒரு கட்டு அவிழாமல் கிடக்கு. ஒரு தலையில கிடக்கு. அது விழாமல் சுகம் வராது" என்று தீர்க்கதரிசனம் சொன்னார். அடேயப்பா! இதற்குப் பரிசுத்த ஆவி இறங்கி வர வேண்டுமா? கண்ணுள்ள எவனும் அந்தத் தலையைப் பார்த்துச் சொல்லியிருப்பான். ஆனால் தாய் இன்பமலர் நடுங்கிப்போனாள்.

எட்டு நாள் கழித்து, சனிக்கிழமை பிரெய்ன் தகப்பனைப் பார்க்க வந்தபோது அவள் அவன் காலில் விழுந்தாள். மனிதர் காலில் விழக்கூடாது என்று முப்பது வருடமாகப் பிரசங்கம் கேட்ட மனுசி, பெற்ற பிள்ளையின் காலில் விழுந்தாள்.

"எண்ட தாலியைக் காப்பாற்று, மகன். உந்த முடியை வெட்டு. அப்பா செத்தால் நீதான் கொன்றதெண்டு நான் சாகுமட்டும் நினைப்பன்."

பிரெய்ன் அவளைத் தூக்கி நிறுத்தினான். நேரே சில்க்போர்க்குக்குக் கார் ஓடி வந்து, அக்காவின் சலூன் கதிரையில் இருந்தான்.

"வெட்டு அக்கா."

பதினொரு வருடமாக இதற்குத்தான் கத்தினவள் சோபனா. இப்போது கத்தரிக்கோலை எடுக்கக் கை வரவில்லை.

"விசரே உனக்கு? கட்டிக்கும் உன்ர மயிருக்கும் என்ன சம்பந்தம்? அந்தாள் சொன்னதெண்டு ஏனடா ஆடுறாய்?"

"சம்பந்தம் இல்லையெண்டு எனக்கும் தெரியும். இருந்தால்? அப்பாவுக்கு ஏதும் நடந்தால் நான் அம்மாவை எப்பிடிப் பார்க்கிறது?"

சடை தடித்துக் கிடந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தரம் நறுக்க வேண்டியிருந்தது. அவன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. கடைசிச் சடை விழுந்தபோது வாய்விட்டு அழுதான். தம்பி அழுது அவள் பார்த்தது சின்ன வயதுக்குப் பிறகு அன்றுதான். திங்கட்கிழமை இன்பமலரிடமிருந்து போன் வந்தது. "கடிதம் வந்திட்டுது, புற்றுநோய் இல்லை, கர்த்தர் பெரியவர்!" என்றாள். சோபனாவும் அழுதாள், ஒரு நிமிடம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை பாஸ்டர் சொன்னது சரியோ?

அடுத்த ஞாயிறு பிரெடெரிசியாவில் சபை கூடுகிற மண்டபத்தில் சாட்சி சொல்ல ஏற்பாடு. காலையில் புறப்படும்போது நேசராஜா போனை மகளிடம் நீட்டினார். "பிள்ளை, அந்தக் கடிதத்தை ஒருக்கா முழுக்க வாசி. கொம்மா பாதிதான் சொன்னவ. நான் காதால கேக்கவேணும்." அரசாங்கக் கடிதங்கள் போனுக்கு வருகிற, வழக்கமாகத் தாயே திறந்து பார்க்கிற ஈ-பொக்ஸைச் சோபனா திறந்து கடிதத்தைத் தேடினாள். கடிதம் வந்தது புதன்கிழமை. பிரெய்ன் கதிரையில் வந்து இருந்தானே, அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று நாள் முந்தின புதன்கிழமை. அவள் திகதியைச் சொல்லாமல் தகப்பனுக்கு வாசித்து முடித்துவிட்டு, தாயை மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் மறித்தாள்.

"புதனே தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம்." இன்பமலர் சேலைத் தலைப்பைச் சரிபண்ணினாள். "தெரியும். சுகம் எண்டு சொன்னால் அவன் வெட்டுவானோ? எனக்கு எண்ட பிள்ளை சபைக்குத் திரும்பி வரவேணும். நீ வாயைத் திறக்காத."

பெற்ற தாய்! புருசனுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு, தாலிக்காகக் காலில் விழுந்திருக்கிறாள்.  ஆனாலும் சோபனா தம்பியிடம் சொல்லவில்லை. வெட்டினவள் அவள்தானே.

மண்டபத்தில் இன்பமலர் மைக்கைப் பிடித்து, முடி விழுந்ததும் நல்ல செய்தி வந்ததென்று சாட்சி சொன்னாள். சனம் கைதட்டியது, அல்லேலூயா என்றது. பாஸ்டர் லோரன்ஸ் முன்வரிசையில் சடை போன தலையோடு இருந்த பிரெய்னை எழுப்பி நிறுத்தித் தோளில் கை போட்டார்.

"காணாமல் போனவன் வந்திட்டான்! தம்பி, வாற கிழமையிலிருந்து நீர்தான் எங்களுக்கு பேஸ் வாசிக்கவேணும்."

"இல்லை பாஸ்டர். பேஸை வித்துப்போட்டன்." பிரெய்ன் மரியாதையாகத்தான் சொன்னான். "இப்ப எல்லாம் சாப்பிடுறன், செபமும் பண்ணுறேல்லை. நேர்ந்ததைக் காக்கத் தெரியாதவன் நான். அந்த விரதத்தில நிக்கத் தெரியாதவன் உங்கட கடவுளுக்கு என்னத்துக்கு?"

கைதட்டல் நின்றது. மைக் இன்னும் இன்பமலரின் கையில்தான் இருந்தது. முடி போனால் பிள்ளை வருவான் என்று நினைத்தவள், மகனின் முகத்தை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தாள். 

"கடிதம் முதலே வந்திட்டுது, மகன்," என்றாள். அது மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. "நீ வெட்ட முதல்."

"எப்ப அம்மா?"

"புதன்."

பிரெய்ன் வெறுந்தலையில் கையை வைத்தான். வாசலைப் பார்த்து நடந்தான். பாஸ்டர் லோரன்ஸ் அவசரமாக "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்றார், ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. பின்வரிசையில் இருந்த நேசராஜா மெல்ல எழும்பினார். ஜாக்கெட்டை எடுத்துப் போட்டு, அதன் பையில் கார்த் திறப்பைத் தேடிப் பிடித்தார். அவ்வளவு சனத்துக்கும் கேட்க மனைவியிடம் சொன்னார்:

"நான் பொடியனோட போறன். நீ பஸ்ஸில வா."