குவைத்துக்கு அனுப்பிய வீடியோக்கள்

எனக்குச் சந்தேகப் புத்தி. பிறர் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். தலவாக்கலை டவுனில் ஓர் இரும்புக் கடையில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். பூட்டு வாங்குகிறவர் மூன்று சாவியில் ஒன்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ரெண்டுதானே இருக்கு" என்பார். ஒரு வாரம் குழாயில் மாட்டிக் கிடந்த வளைவுத் துண்டைக் கழுவித் துடைத்து, "சைஸ் சரியில்ல" என்று இன்னொருவர் திருப்பிக் கொண்டுவருவார். இப்படிப்பட்டவர்களோடு பதினெட்டு வருடம் நின்றவன் பச்சைத் தண்ணீரைக்கூட முகர்ந்துதான் குடிப்பான். "ஒங்க கண்ணுக்கு ஊருல எல்லாரும் கள்ளந்தான்" என்று என் மனைவி சொல்வாள். பொய்யில்லை.

அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எங்கள் மகளுக்கு ஐந்தரை வயது. மகளை வட்டகொடையில் இருக்கும் தன் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லி மாமியார் கேட்டார். நான் முடியாது என்றேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே, அடுத்த காம்பராவில் என் அக்கா இருந்தாள். பகலில் அக்கா பார்த்துக்கொள்வாள், பொழுது சாயும்போது நான் வந்துவிடுவேன், இதில் மாமியாருக்கு என்ன வேலை என்று குதித்தேன். மனைவி என் பக்கம்தான் நின்றாள். ஆனால் புறப்படுகிற அன்று காலையில் பையைத் தூக்கிக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"ஒரு வருசம் பாக்குறேன். புள்ள நல்லா இல்லன்னு எனக்குத் தெரிஞ்சா எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிருவேன். அப்ப சண்டைக்கு வரக்கூடாது."

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். மகள் இல்லாமல் அந்தக் காம்பராவுக்குள் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. குவைத்தில் இருப்பவளுக்கு இங்கே பிள்ளை நன்றாக இல்லை என்று எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தானே தெரியும். யார் சொல்வார்கள்? அக்கா சொல்வாளா? பள்ளிக்கூடத்து டீச்சரா? பீலியில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்களில் யாருக்கு வட்டகொடையில் சொந்தம் இருக்கிறது என்று ஒரு வாரம் விசாரித்தேன்.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போனில், "ஒரு சின்ன வீடியோ கெமரா வாங்குங்க" என்றாள். அவள் வேலை செய்யும் வீட்டுப் பெண் பிள்ளை அப்படி ஒன்று வைத்திருந்ததாம். கைக்குள் அடங்குமாம், ஒரு பொத்தான்தானாம். மாதம் ஒரு தரம் மகளை வீடியோ பிடித்து சீடியில் போட்டு அனுப்பினால், அந்தப் பிள்ளையின் கம்ப்யூட்டரில் பார்ப்பாளாம்.

"போட்டோ அனுப்புறேனே, போதாதா?"

"போட்டோவுல புள்ள அசையாதுங்க."

ஆகட்டும் என்று போனை வைத்தேன். வைத்ததும் யோசித்தேன். ஒரு கெமராவை என் காசில், என் கையால் வாங்க வைத்து, என்னையே வேவு பார்க்கப் போகிறாள். அவள் அனுப்பிய காசுதான், ஆனாலும் கை என்னுடையது.

தலவாக்கலையில் வாங்கினால் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று ஹட்டனுக்குப் போனேன். கடைக்காரர் எடுத்து வைத்தது ஒரு சவர்க்காரக் கட்டி அளவுதான் இருந்தது. முன்னால் ஒரு கண், பின்னால் தீப்பெட்டி அளவுக்குத் திரை, திரைக்குக் கீழே சிவப்புப் பொத்தான். அமுக்கினால் பிடிக்கும், மறுபடி அமுக்கினால் நிற்கும். டோர்ச்சுக்குப் போடும் இரண்டு சின்ன பெட்டரி போதும். பெட்டியின் டேப் கிழிந்திருந்ததைக் கண்டதும் எனக்குக் கை பரபரத்தது.

"இது யாரோ பாவிச்சது."

"டெஸ்ட் பண்ணிப் பாக்கத்தான் அண்ணே பிரிச்சோம்."

இதையே எங்கள் கடையில் நான் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். ஆகவே நம்பவில்லை. இன்னும் இரண்டு பெட்டியைப் பிரிக்க வைத்தேன். மூன்றாலும் தெருவில் போன பஸ்ஸைப் பிடித்துப் போட்டுப் பார்த்தேன். பிறகு முதலாவதையே வாங்கினேன். கடைக்காரர் பில்லை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சாமான் வீட்டுக்குள் வந்த பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. அணைந்திருக்கிறதா, பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று அந்தக் கண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சுவரைப் பார்க்கத் திருப்பி, பழைய பனியன் ஒன்றில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன்.

முதல் வீடியோவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. வாசல் திண்ணையான இஸ்தோப்பைச் சாணி போட்டு மெழுக அக்காவிடம் சொன்னேன். அக்கா வீட்டுத் திரையைக் கழற்றி எங்கள் ஜன்னலில் மாட்டினேன். மகளுக்கு தீபாவளிச் சட்டை. சோற்றுக்கு மேலே ஒரு முட்டையை முழுசாக வைத்து, தட்டு நன்றாகத் தெரியும்படி பிடித்தேன். டவுனில் ஸ்டூடியோக்காரர் சீடியில் பதிந்து தரும்போது பக்கத்திலேயே நின்றேன். எங்கள் வீட்டு முட்டையை அவர் எதற்காக இவ்வளவு உற்றுப் பார்க்கிறார் என்று எரிச்சல் வந்தது.

சீடி போய்ச் சேர்ந்ததும் வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"அது அக்கா வீட்டுத் திரைதானே?"

ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க சோடிக்காதீங்க. அவ சும்மா வெளையாடுறத, நடக்குறதப் பிடிங்க. அது போதும்."

சும்மா இருப்பதைப் பிடித்தால்தானே குற்றம் அகப்படும்! அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் சொன்னபடி செய்தேன். பள்ளிக்கூடம் விட்டு வருவதை, மழைக்குள் ஓடுவதை, பூனையைத் துரத்துவதைப் பிடித்தேன்.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழுத்தக்காரி என்று லயத்தில் பேர் எடுத்திருந்தாள். கூப்பிட்டால் சில நேரம் வருவாள், சில நேரம் கல் மாதிரி இருப்பாள். "சொல் பேச்சு கேக்குறதில்ல" என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். "ஒன்னய மாதிரியே வீம்பு" என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாய் இல்லாத பிள்ளை கெட்டுப்போகிறது என்று வட்டகொடைக்குச் செய்தி போனால் என்ன ஆவது?

ஒரு ஞாயிறு காலையில் அவள் தோட்டத்து வேலியோரம் கோழிகளைப் பார்த்து நின்றாள். வாசலில் நின்று கெமராவை அமுக்கிக்கொண்டு, முகம் தெரியட்டும் என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் தரமும் அவள் கோழியைத்தான் பார்த்தாள். பக்கத்து காம்பராக்காரர் இஸ்தோப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. போய் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "திமிரா ஒனக்கு?" என்று கத்தினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அழுதுகொண்டே அக்கா வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

மறுநாள் சீடி அடித்துத் தபாலில் போட்டேன். எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்க்கிற நான், அந்த ஒரு மாதம் பார்க்காமல் அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பப் பார்க்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து, கெமராவில் இடம் காலியாக்குவதற்காகத் திறந்தபோதுதான் தெரிந்தது. கோபத்தில் நடக்கும்போது நான் பொத்தானை மறுபடி அமுக்கவே இல்லை. தீப்பெட்டித் திரையில் மண் தெரிந்தது, என் செருப்பு தெரிந்தது. பிறகு அடி விழுந்த சத்தம். பிறகு என் குரல். என் குரல் அவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

விடிந்ததும் தபால் கந்தோருக்கு ஓடினேன். பை போய்விட்டது என்றார்கள்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளை எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். போன் மணி அடித்தாலே வட்டகொடை மாமியார் பையோடு வந்து நிற்பதுபோல இருக்கும். சீடி கிடைத்துவிட்டது என்று ஒரு வெள்ளி சொன்னாள். அடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். பேசாமல் இருப்பவள் எதையோ சேர்த்து வைக்கிறாள் என்றுதான் அர்த்தம்.

அதற்கடுத்த வெள்ளி ஒரு விசித்திரமான வேலை சொன்னாள்.

"பாப்பாவ அந்தப் பக்கம் பாத்து நிக்கச் சொல்லுங்க. கெமராவ எங்கயாவது வச்சிருங்க. நீங்க பின்னால எடது பக்கமா நின்னு ஒரு தரம் கூப்பிடுங்க. பொறவு வலது பக்கமா ஒரு தரம். கத்தக்கூடாது. சாதாரணமா கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"பிடிச்சி அனுப்புங்களேன். நா பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளை என்னைக் கண்டு பயப்படுகிறதா என்று பார்க்கப் போகிறாள். கூப்பிட்டதும் உடம்பு நடுங்கினால், அடுத்த பஸ்ஸில் வட்டகொடை. அடித்ததற்கு அத்தாட்சி கையில் இருக்கிறது, இனி இது ஒன்றுதான் பாக்கி.

விடுவேனா? பெரிய சொக்லேட் ஒன்று வாங்கினேன். மகளை எதிரே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அப்பா பின்னால் நின்று கூப்பிடுவேன், கூப்பிட்டதும் டக்கென்று திரும்பிச் சிரிக்க வேண்டும், சிரித்தால் சொக்லேட். அவளுக்கு ஒரே குஷி. தலையை ஆட்டினாள். கெமராவைப் பிடிக்குமுன் ஒரு தரம் பழகிப் பார்ப்போம் என்று அவளை இஸ்தோப்பு விளிம்பில் நிறுத்தினேன்.

அன்று மழை இல்லை. பெண்கள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். லயமே சத்தமில்லாமல் கிடந்தது. பின்னால் இடது பக்கமாக நின்று, "பாப்பா" என்றேன்.

திரும்பவில்லை.

"பாப்பா."

தேயிலையைப் பார்த்தபடி நின்றாள். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். சிரிப்பைத் தயாராக முகத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சொக்லேட் வேண்டும் என்று நிற்கிற பிள்ளை வீம்பு பண்ணாது. இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

"கூப்பிடுங்கப்பா, நா ரெடி" என்றாள் அவள், முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

வலது பக்கம் போய் அதே குரலில் கூப்பிட்டேன். டக்கென்று திரும்பிச் சிரித்தாள்.

எங்கள் லயத்தில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. மழை தகரத்தில் விழும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வெயில் நாளிலும் கத்தித்தான் பழக்கம். ஒரு மலையில் நின்று அடுத்த மலைக்குக் கூப்பிடுகிறவர்கள். அந்தச் சத்தத்துக்குள் என் மகள் ஒரு காதை வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறாள். சாவி எத்தனை என்று எண்ணத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இடது காதில் எப்போதோ சீழ் வைத்து உள்ளே கெட்டுப்போயிருக்கிறது என்றார் டொக்டர். அந்தக் காதால் பெரிய சத்தம்தான் கேட்கும். வலது காது நல்லது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தந்தார்.

வெள்ளிக்கிழமை போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"அந்த சீடிய எத்தனையோ தரம் போட்டுப் பாத்தேங்க" என்றாள். "மூனு தரம் கூப்பிட்டீங்க. சின்ன அசைவுகூட இல்ல அவகிட்ட. அப்பதான் பயந்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? எங்கம்மா சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லுவீங்க. அதான் நீங்களே கூப்பிட்டுப் பாக்கட்டும்னு விட்டேன்."

அப்படியேதான் சொல்லியிருப்பேன். கடைசியில் நானே கேட்டேன்.

"பாப்பாவ வட்டகொடைக்கு அனுப்பவா?"

"வேணாம். ஒங்ககிட்டயே இருக்கட்டும். வலது பக்கமா நின்னு பேசுங்க. கை மட்டும் ஓங்காதீங்க."

போனை வைத்தபோது மகள் என் வலது பக்கம்... இல்லை, நான் அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். போனுக்குள்ளிருந்து வந்த அம்மாவின் குரலையும் சேர்த்து, பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"என்னிக்குப்பா மூனு தரம் கூப்பிட்டீங்க?"

"கோழி பாத்துக்கிட்டு நின்னியே, அன்னிக்கு."

என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"கூப்பிட்டுட்டுத்தான் அடிச்சீங்களா?"

"ஆமாம்மா."

"நா சும்மா வந்து அடிச்சீங்கன்னு நெனச்சிட்டேம்ப்பா" என்றாள். இத்தனை வாரமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். இப்போது அவள் முகம் தெளிந்துவிட்டது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மிச்ச சொக்லேட்டைக் கேட்டாள்.