அக்கா வீட்டு எர்த் கம்பி

இன்று காலை கடையில் பால் எடுக்கக் குனிந்தபோது யாரோ தோளைத் தட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர், என்னைப் போல வெளிநாட்டுக்கு வந்து இங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர்.

"உங்க அக்கா வீட்டு மேல இடி விழுந்துச்சாமே, தெரியுமா?"

"யாரு சொன்னா?"

"என் மனைவிகிட்ட அவ தங்கச்சி சொன்னாளாம். அவளுக்குத் தையல்காரம்மா சொன்னாங்களாம். முந்தாநேத்து மழையில. மாடியில ஏதோ கம்பி கட்டி வெச்சிருக்காங்களாமே, அது வழியா இறங்கிச்சாம்."

"அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதை அவ கேக்கலை போலிருக்கு."

பாலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஊர்ப் பேச்சுக்குக் கண், காது, மூக்கு முளைக்க ஒரு நாள் போதும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அந்தக் கம்பியைப் பற்றி எனக்கு இன்னொன்றும் தெரியும். அது அக்காவுக்குத் தெரியாது.

அக்காவின் எண்ணுக்கு அடித்தேன். மணி போய் நின்றது. அத்தான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர்; வண்டியில் ஏறினால் போனை அணைத்துவிடுவார். அணைந்துதான் இருக்கிறது. அக்கா வேலை பார்க்கும் கடையின் எண்ணைத் தேடினேன். பதினெட்டு வருஷமாக ஒரே கடைக்குப் போகிறாள். அதன் எண் என்னிடம் இல்லை.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குக் கண் பார்ப்பது வேறொருவர். அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டின்படி வில்லையைத் தேய்த்து, ஓரம் வெட்டி, சட்டத்தில் பொருத்துவது அக்கா. பின்னறையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஓயாமல் ரீங்கரிக்கும் தேய்ப்பு எந்திரம். நாள் முழுதும் அந்தச் சத்தம். வீட்டுக்கு வந்தால் அத்தான் சத்தம். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

நாற்பத்தாறாம் வயதில் அவளுக்கு ரேடியோப் பித்துப் பிடித்தது. பக்கத்து வாட்ச் கடைக்காரர் கடையைக் காலி செய்தபோது, பழைய சிற்றலை ரேடியோ ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முதல் நாள் ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் எங்கோ ஒரு பெண் தெரியாத மொழியில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தாளாம். அக்கா சமைக்கவே மறந்துவிட்டாள்.

"புரியாத பாஷையில என்னத்தடி கேக்குற?" என்று அத்தான் கேட்டாராம்.

"நிம்மதியா இருக்கு. அவங்க எனக்கு வேலை சொல்ல மாட்டாங்க."

"நான் பேசுறேன், அதைக் கேளேன்."

"நீங்க பேசுறது ரொம்பத் தெளிவா கேக்குது. அதுதான் தொல்லை."

இதையெல்லாம் போனில் எனக்கு ஒப்பிப்பாள். நான் இங்கே பழைய புத்தகக் கடையில் ஏரியல் கட்டுவது பற்றிய தொடக்கப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். வாரம் ஒரு அத்தியாயத்தைத் தமிழில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு மொழியில் படிக்கவைத்த அப்பாவுக்கு, அந்தப் படிப்பு இப்படிப் பயன்பட்டது தெரியாது. எழுத எழுத நானும் கற்றேன். கம்பி நீளமாகவும் உயரமாகவும் இருந்தால் தொலைவில் இருந்து வரும் மெல்லிய அலையும் சிக்கும். கம்பியின் முனை சுவரையோ இரும்பையோ தொடக்கூடாது. தொட்டால் பிடித்ததெல்லாம் அங்கேயே ஒழுகிவிடும். ரேடியோவின் இன்னொரு இணைப்பை மண்ணோடு சேர்க்க வேண்டும், அதுதான் எர்த்.

அக்கா மாடித் தொட்டியில் இருந்து பின்சுவரின் இரும்புக் குழாய் வரை இருபது மீட்டர் செம்புக் கம்பி இழுத்தாள். முனைகளில் மாட்டப் பீங்கான் கிடைக்கவில்லை. கடையில் கழித்துப் போட்ட பிளாஸ்டிக் வில்லைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு துளை போட்டாள். ஒன்றில் கம்பி, ஒன்றில் கயிறு. "கிட்டப் பார்வை ஒரு முனை, தூரப் பார்வை ஒரு முனை," என்றாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வேலை அது. இன்றும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எர்த்தில்தான் இருவரும் கோட்டை விட்டோம். தண்ணீர்க் குழாயில் கட்டலாம் என்று புத்தகம் சொன்னது. நானும் அப்படியே எழுதி அனுப்பினேன். அக்கா குளியலறைக் குழாயைப் பளபளவென்று சுரண்டிக் கம்பியைச் சுற்றினாள். ஒரு மாற்றமும் இல்லை. மூன்று மாதம் அந்தக் குழாயை நம்பினோம். கடைசியில் விளக்கு மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் (ஊரே அவரை 'ஃபியூஸ்' என்றுதான் கூப்பிடும்) பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அம்மா, வெளிய தெரியுற அரையடிதான் இரும்பு. சுவத்துக்குள்ள எல்லாம் பிளாஸ்டிக். நான் இருக்கும்போதுதானே மாத்தினாங்க! நீங்க எர்த்தைச் சுவத்துக்குக் குடுத்திருக்கீங்க."

"என் தம்பி புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான்."

"புத்தகம் எழுதினவர் உங்க வீட்டுக் குளியலறைக்கு வந்தாரா?"

ஐந்து வருஷத்துக்கு முன் மூன்று வார விடுப்பில் போனபோது அதைச் சரிசெய்வது என்று கிளம்பினேன். எட்டடி செம்புப் பூச்சுக் கம்பி ஒன்றை வாங்கினோம். ஏன் எட்டடி என்றால், மேல்மண் காய்ந்துவிடும். ஆழத்தில்தான் ஈரம் நிற்கும். ஈரமண்தான் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். இந்த வரிகளை எழுதி அனுப்பியவனே நான்தான். எர்த் இருந்தாலும் இடி ஏரியல் வழியாக வீட்டுக்குள் இறங்கலாம், அதனால் மழை வருமுன் அதைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும் என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தேன்.

அந்த மூன்று வாரம் போல ஒன்று எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. அக்கா வேலையில் இருந்து வந்ததும் மாடியில் உட்காருவோம். அவள் முள்ளைத் திருப்புவாள். நான் நோட்டில் குறிப்பேன். ஒரு நிலையம் தெளிவாகப் பிடிபட்டால் என் தொடையில் கிள்ளுவாள், சின்ன வயதில் செய்தது போலவே. அத்தான் தேநீரோடு வந்து, "அக்காவும் தம்பியும் எந்த நாட்டைப் பிடிச்சீங்க இன்னிக்கு?" என்பார்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை அவர்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டுப் பின்புறத்தில் தனியாகக் கம்பியை அடித்தேன். மூன்றரை அடியில் பாறை. இரண்டு இடம் மாற்றி அடித்தும் பாறைதான். கை கொப்புளித்துவிட்டது. பெட்டி கட்டவில்லை, மறுநாள் காலை விமானம். சாய்த்து அடித்திருக்கலாம். ஃபியூஸைக் கூப்பிட்டிருக்கலாம். நான் ரம்பத்தை எடுத்து மேலே நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்தேன். அறுத்த துண்டைத் தெருமுனைக் கட்டட இடிபாட்டுக் குவியலில் செருகினேன்.

மாலையில் அக்கா வந்து குனிந்து பார்த்தாள். மண்ணுக்கு மேல் நாலு விரல் செம்பு மின்னியது.

"எட்டடியும் போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா."

என் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மருந்து எடுத்து வந்தாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள்; நான் நாலரை அடிக் கம்பியை இல்லாத மண்ணுக்குள் மறைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அந்தக் கம்பிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறாள். பக்கத்து வீட்டில், "இரும்பு நட்டு வெச்சுத் தண்ணி ஊத்துறாங்க, என்ன காய்க்கும்?" என்று கேட்டார்களாம். "தம்பி வெச்சது, கண்டிப்பா காய்க்கும்" என்றாளாம். ரேடியோவும் முன்பைவிட நன்றாகவே பாடியது. அதனால் நானும் அதை மறக்கப் பழகினேன்.

போன சனிக்கிழமை பேசும்போது அங்கே மழை தொடங்கிவிட்டதாகச் சொன்னாள்.

"ஏரியலைக் கழட்டிட்டியா?"

"இப்பல்லாம் கழட்டுறது இல்லடா. ஒவ்வொரு தடவையும் மாடி ஏற முழங்கால் விடலை. நீ எட்டடி அடிச்சுக் குடுத்திருக்க. தம்பி உடையாள் இடிக்கு அஞ்சாள்!"

சிரித்தாள். பின்னால் அத்தானும் சிரித்தார். "மச்சான், உங்க அக்கா இடிக்கும் பயப்படல, எனக்கும் பயப்படல," என்று அங்கிருந்தே கத்தினார்.

கழற்று என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். புத்தகத்தில் இருக்கிறது என்றேன். "புத்தகம் குழாயில கட்டச் சொன்னதுதானே?" என்றாள். அதற்கு மேல் பேச வேண்டுமென்றால் மூன்றரை அடியைச் சொல்ல வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

அது சனிக்கிழமை. இன்று செவ்வாய். அத்தானுக்கு மறுபடி அடித்தேன், அணைந்தே இருக்கிறது. அக்காவுக்கு இது ஐந்தாவது தடவை. கடையில் இருந்தால் கைப்பை இழுப்பறைக்குள் இருக்கும். தேய்ப்பு எந்திரச் சத்தத்தில் கேட்காது. ஒருபோதும் கேட்டதில்லை. மதியம் சாப்பிடும்போது பார்த்துவிட்டு அவளே கூப்பிடுவாள். அங்கே மதியம் தாண்டிவிட்டது.

அங்கத்து வானிலையைத் திறந்து பார்த்தேன். இன்று மாலை இடியுடன் மழை என்று போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எதுவும் நடக்காமல் இருந்திருக்கலாம். தையல்காரம்மா வேறு வீட்டைச் சொல்லியிருக்கலாம். அப்படியே இருந்தாலும் இந்த மாலை இருக்கிறது.

எடுத்ததும் நலம் விசாரிக்கப் போவதில்லை. யார் எடுத்தாலும் முதலில் சொல்ல வேண்டியதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அது மூணரை அடிதான். பாறை வந்துடுச்சு, அறுத்துட்டேன். ஏரியலைக் கழட்டி வெளிய போட்டுடு. கோபத்தை அப்புறம் வெச்சுக்கலாம்.

ஆறாவது தடவை அழுத்தியிருக்கிறேன். மணி போய்க்கொண்டிருக்கிறது.